விற்க முடியாத கப்பல்

கற்பிக்கும் கருவிகளின் வரலாறு – 9

சென்ற பகுதியைப் புன்னைக்காயலில் நிறுத்தியிருந்தோம். 1547ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார், பரதவ மக்களின் வாயிலிருந்தே தமிழைக் கற்று, அதற்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணமும் வகுத்து, பின்னர் அம்மக்கள் திரட்டிக் கொடுத்த பொருளைக் கொண்டே தமிழில் அச்சுநூல்கள் வெளிவர வழிகோலிய வரலாற்றை அங்கே விரிவாகக் கண்டோம். கோவாவில் எழுத்து வெட்டிய ஜுவான் கொன்சால்வஸ், கொல்லத்தில் எழுத்து வார்த்த ஜுவான் தெ ஃபாரியா, மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்த மனுவேல் தெ சான் பேத்ரோ ஆகியோரின் கைகளும் சேர்ந்ததனாலேயே 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது; 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூலும் அச்சேறிற்று. 1600ஆம் ஆண்டில் பாதிரியார் காலமாகித் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றார். அதன் பின்னர், 1679இல் அம்பலக்காட்டில் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி வெளிவரும் வரையில், தமிழ் அச்சுக்கலை பெரும்பாலும் உறங்கியே கிடந்தது.

மக்கள் கேட்டது, மக்கள் பொருள் கொடுத்தது, மக்கள் மொழியில் அமைந்தது, ஆயினும் ஒரு தலைமுறைக்கு மேல் நிலைக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் என்ன? எழுத்து வெட்டும் வித்தையும், வார்ப்பச்சுக்களும், அச்சிடுவதற்கான அனுமதியும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடமே தங்கியிருந்தமையால், அவர்கள் போன பின்பு அக்கருவியை எடுத்து இயக்கவோ, அதைப்போல் இன்னொன்று செய்துகொள்ளவோ, பணம் கொடுத்த மக்களுக்கு வழியில்லாமற் போயிற்று என்பதே என் கருத்து. இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தரங்கம்பாடிக்குச் செல்லுமுன், இத்தொடரின் காலவரிசையை ஒருமுறை மீறி, நானூறு ஆண்டுகளைத் தாண்டி நம் காலத்துக்கே வர விரும்புகிறேன். கற்பிக்கும் கருவி ஒன்று, அதைச் செய்தவர்களின் ஆயுளுக்கும் செல்வத்துக்கும் கட்டுப்படாமல், பயன்படுத்துவோர் அனைவரின் உடைமையாகவும் நிலைபெறுவது எங்ஙனம் என்பதற்கு நான் அறிந்தவற்றுள் தெளிவான விடை, மூடில் என்னும் கணினி வகுப்பறை மென்பொருளின் வரலாற்றிலேயே கிடைக்கிறது.

அவ்வரலாறு தொடங்குமிடம் ஒரு பாலைவனம். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில், பழங்குடி மக்கள் வாழும் வார்பர்ட்டன் என்னும் சிறு குடியிருப்பில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் தம் இளமைப் பருவத்தைக் கழித்தார். அவ்வளவு தொலைவில் வாழ்ந்த அவருக்கு, வான்வழிப் பள்ளி என்னும் ஏற்பாட்டின்படி, சிற்றலை வானொலி மூலமாகப் பாடம் நடந்தது. பாடப் பொதிகள் விமானத்தில் வந்து இறங்கின. அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. மருத்துவ வசதியற்ற உள்நாட்டு மக்களைப் பறக்கும் மருத்துவர் சேவையுடன் இணைப்பதற்காக ஆல்ஃபிரெட் டிரேகர் என்பவர் 1929இல் கால்மிதியால் இயங்கும் வானொலிப் பெட்டியை உருவாக்கியிருந்தார். நோயாளிக்கு மருத்துவரை அழைக்கும் அதே பெட்டியால் பிள்ளைக்கு ஆசிரியரை அழைக்கலாகாதா என்று சிந்தித்த அடிலெய்ட் மீத்கே என்னும் கல்வியாளரின் முயற்சியால் 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் முதல் வான்வழிப் பள்ளி உதயமாயிற்று. ஒருவர் பேச மற்றவர் கேட்பதோடு நில்லாமல், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் தனித்தனியே அமர்ந்திருந்த பிள்ளைகள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டு மறுமொழி சொல்லக்கூடிய வகுப்பறையாக அது விளங்கிற்று. தொலைவிலிருந்து கற்பவனுக்கு வேண்டியது பாடம் மட்டுமன்று, உடன்கற்போரின் குரலும் கூட என்பதை, நூல்களில் படிப்பதற்கு முன்பே தம் பாலிய அனுபவத்தில் கண்டவர் டூகியாமாஸ்.

வளர்ந்து கணினி பயின்ற அவர், பெர்த் நகரின் கர்ட்டின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியமர்ந்து, அங்கே இணையவழிப் பாடங்களுக்காக வாங்கப்பட்டிருந்த வெப்சிடி என்னும் மென்பொருளை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றார். கனடாவிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரே கோல்ட்பெர்க் என்னும் ஆசிரியரால் உருவாக்கப்பெற்றுப் பின்னர் வணிகப் பொருளாகிவிட்ட அம்மென்பொருளில், ஆசிரியர்கள் குறை கண்டு அவரிடம் வந்து சொன்னபோதெல்லாம், அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றாக இருந்தது: அக்குறையை விற்பனையாளருக்கு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருத்தல். நிரலைத் திறந்து பார்க்கும் உரிமையோ, கண்ட குறையைத் தாமே திருத்தும் உரிமையோ, திருத்தியதைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தாருக்குக் கொடுக்கும் உரிமையோ அவருக்கு இல்லை. நல்ல உபாத்தியாயர் ஒருவர் தம் கரும்பலகையைத் தமக்கு வேண்டிய உயரத்தில் மாட்டிக்கொள்வதற்குக் கூட அனுமதி கேட்க வேண்டிய நிலையைக் கற்பனை செய்து பார்த்தால், அவருடைய மனவருத்தம் நமக்கும் விளங்கும்.

ஆகவே 1999ஆம் ஆண்டளவில் தாமே முன்மாதிரிகளைச் செய்து பார்க்கத் தொடங்கினார். அத்துடன், கல்வி ஆராய்ச்சியாளராகவும் பதிவு செய்துகொண்டு, பீட்டர் டெய்லர் என்னும் பேராசிரியருடன் இணைந்து, கற்றல் என்பது யாது என்ற அடிப்படை வினாவையும் ஆராயலானார். அறிவு ஒருவர் உள்ளத்திலிருந்து மற்றொருவர் உள்ளத்துக்கு அப்படியே இடம் மாறுவதன்று, கற்பவன் தானே கட்டிக்கொள்வது. அதிலும், பிறர் காணும்படியாக ஒன்றைச் செய்யும்போதும், பிறருடன் உரையாடும்போதும் அது செவ்வையாகக் கட்டப்படுகிறது என்பது பியாஜே, பாப்பர்ட் முதலியோர் வழிவந்த கொள்கை. இக்கொள்கையை நூலில் எழுதி வைப்பதோடு நில்லாமல் மென்பொருளின் அமைப்பிலேயே பதித்துவிட வேண்டும் என்று அவர் முனைந்தார். மாணவர்கள் கூடி விவாதிக்கும் மன்றமும், சேர்ந்து எழுதும் சொற்களஞ்சியமும், ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பிடும் பயிலரங்கும், பாடக்கோப்புகளை அடுக்கி வைக்கும் அலமாரிக்குப் பக்கத்திலேயே இடம்பெற்றமைக்கு இதுவே காரணம். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் மூடில் 1.0 வெளியாயிற்று.

அதனை வெளியிட்டபோது டூகியாமாஸ் செய்த ஒரு தீர்மானமே இந்த அத்தியாயத்தின் மையம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வகுத்த குனூ பொது உரிமம் என்னும் சாசனத்தின்கீழ் அவர் தம் படைப்பை வைத்தார். அச்சாசனத்தின் தன்மையை வாசகர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். நிரலை எவரும் எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், திறந்து படிக்கலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தலாம், திருத்தியதையும் திருத்தாததையும் பிறருக்கு வழங்கலாம், விரும்பினால் விலைக்கும் கொடுக்கலாம். ஆனால் பிறருக்கு வழங்குகிறவர், தாம் பெற்ற அதே உரிமைகளை அவர்களுக்கும் மூலநிரலோடு சேர்த்து வழங்கியாக வேண்டும். ஈந்ததைத் திரும்பப் பெறவும் இயலாது. இடையில் ஒருவர் புகுந்து வேலியிட்டுக்கொள்ளவும் இயலாது. தானம் செய்தவருடைய வாரிசுகளும் தானம் பெற்றவருடைய வாரிசுகளும் ஒருங்கே கட்டுப்படும் அறக்கட்டளை போன்ற இதனைப் புன்னைக்காயல் மக்கள் பெற்றிருந்தால் தமிழ் அச்சின் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.

திறந்து வைத்த கதவின் வழியே மனிதர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர்களிற் பலர் கணினி வல்லுநர்கள் அல்லர். வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள். ஸ்பெயினிலிருந்து எலோய் லாஃபுவெந்தே வந்தார். ஒரு பாடத்தை அப்படியே எடுத்துப் பாதுகாத்து வேறோர் இடத்தில் மீண்டும் நிறுவும் பகுதியும், தரவுத்தளம் எதுவாயினும் மூடில் இயங்குவதற்கான அடித்தளமும் அவர் உழைப்பால் உருவாயின. செக் நாட்டு பெத்ர் ஷ்கோடா நிரலின் உள்ளமைப்பையும் பாதுகாப்பையும் பல ஆண்டுகள் கண்ணுங் கருத்துமாகக் காத்தார். நியூசிலாந்தில் கேட்டலிஸ்ட் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் லாங்ஹாஃப் முதலியோர், சில நூறு மாணவர்களுக்கென்று எழுதப்பட்ட ஒன்று பல்லாயிரம் மாணவர்களின் பாரத்தைத் தாங்கும்படி வலுப்படுத்தினர். 1969இல் சாசனம் பெற்றுத் தொலைநிலைக் கல்விக்கு உலகத்துக்கே வழிகாட்டியாக விளங்கிய இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2005இல் மூடிலைத் தன் கருவியாகத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்ததோடு அமையாமல், தன் பொறியாளர்கள் செய்யும் திருத்தங்களைப் பொதுநிரலுக்கே திருப்பிக் கொடுக்கவும் முற்பட்டது. அங்கே பணிபுரிந்த டிம் ஹண்ட், வினாடிவினாப் பகுதியின் இயந்திரத்தை அடியோடு புதுக்கி எழுதி 2011இல் எல்லாருக்குமாக்கினார். இன்று ஒரு சிற்றூர்க் கல்லூரியில் ஒரு மாணவன் தவறான விடை எழுதியவுடன் அவனுக்கு ஒரு குறிப்பைக் காட்டி மீண்டும் முயலச் சொல்கிறதே, அந்தப் பொறுமை மில்ட்டன் கீன்ஸ் நகரில் எழுதப்பெற்ற நிரலின் பொறுமையாகும்.

இவர்களுடைய பெயர்களை நிரலில் காணலாம். நிரலில் காணக்கிடைக்காத வேறு சிலரும் உண்டு; அவர்களைக் குறித்து ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். நம் கடற்கரையில் முத்துக் குளிக்க இறங்குபவன் பெயரை ஊர் அறியும். தோணியில் நின்று கயிறு பிடிப்பவனை யாரும் பாடுவதில்லை. ஆயினும் மூச்சடக்கிக் கீழே இருப்பவனுடைய உயிர் மேலே இருப்பவன் கையில் இருப்பதனால், கயிறு பிடிக்க மைத்துனனையே அமர்த்திக்கொள்வார்கள் என்று இக்கரைப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மூடிலுக்கு அங்ஙனம் கயிறு பிடித்தவர்களுள் முதலாகக் குறிக்கத்தக்கவர் ஹெலன் ஃபாஸ்டர். புதிதாக வருபவருடைய முதற் கேள்விக்கு விடை கிடைக்கவும், கையேட்டின் பக்கங்கள் காலத்துக்கு ஒத்திருக்கவும், தன்னார்வலர்கள் சோர்ந்து விலகாதிருக்கவும் அவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். பெல்ஜியத்து ஆசிரியரான கூன் ரோகெமன்ஸ் உலகின் மொழிபெயர்ப்பாளர்களை ஒருங்கிணைத்தார். அம்மொழிபெயர்ப்பு வேலையைக் கணினி அறியாதவரும் செய்யும்படி எளிதாக்கிய ஆமோஸ் என்னும் கருவியைச் செக் நாட்டு டேவிட் முத்ராக் அமைத்துக் கொடுத்தார். ஒரு பணிக்குழுவின் தகுதியை, அதில் எத்தனை மேதைகள் இருந்தார்கள் என்பதைக் கொண்டு அளப்பதைக் காட்டிலும், இத்தகையோருக்கு அதில் என்ன மதிப்புக் கொடுக்கப்பட்டது என்பதைக் கொண்டு அளப்பதே நியாயம் என்பது என் துணிபு.

இத்தனை பேர் கைவைக்கும் காரியம் சீர்குலையாமல் இருப்பது எப்படி என்று வாசகர்கள் வினவலாம். கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு பிழையும் எவரும் பார்க்கக்கூடிய பேரேட்டில் எண்ணிட்டுப் பதியப்படுகிறது. ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் படித்துப் பார்க்கிறார். மூன்றாமவர் அதை மூலத்தோடு இணைக்கிறார். பின்னர் அது சோதிக்கப்படுகிறது. இந்தச் சக்கரம் வாரந்தோறும் சுழல்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது. பெர்த் நகரில் உள்ள தலைமையகத்தாரின் ஊதியத்துக்கு வழி, மூடிலை நிறுவிக்கொடுத்தும் பராமரித்தும் வருவாய் ஈட்டும் அங்கீகாரம் பெற்ற பங்காளி நிறுவனங்கள் தம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தலைமைக்குச் செலுத்தும் ஏற்பாட்டினால் உண்டாயிற்று. மென்பொருளுக்கு விலையில்லை, உழைப்புக்கு விலையுண்டு என்ற இந்தப் பாகுபாட்டில் கபடம் ஒன்றுமில்லை. கோயில் அனைவருக்கும் பொது. மேளக்காரருக்குச் சம்பளம் உண்டு.

இனி, இக்கதையின் சோதனைக் காலத்துக்கு வருவோம். அதற்கு முன் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டும். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது அவரிடம் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தே கொழும்புக்குப் போக்குவரத்தை நடத்தினார். போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கொடுத்த நெருக்கடியினால் வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். இரவல் கப்பலில் சுதேசியம் செல்லாது என்பதைக் கண்ட அவர், பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தை இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகள் நாற்பதாயிரமாக வகுத்து மக்களிடம் சென்று, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாகக் கொணர்ந்தார். எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும் கூறினர். 1908இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. மக்கள் பணத்தில் வந்தது, மக்கள் பொருட்டு ஓடியது, ஆயினும் கப்பல் என்பது விலைக்குரிய பொருளாதலால் விலைபோயிற்று.

இதே நாடகம் இணையக் கல்வியிலும் நடந்தது. அமெரிக்காவில் 1997இல் தோன்றிய பிளாக்போர்டு என்னும் நிறுவனம், தன் போட்டியாளரான வெப்சிடியை விலைக்கு வாங்குவதாக 2005 அக்டோபரில் அறிவித்து, 2006 பிப்ரவரியில் அதனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. கர்ட்டினில் டூகியாமாஸ் எந்த மென்பொருளோடு மல்லுக்கு நின்றாரோ, அதை வாங்கியிருந்த பல்கலைக்கழகங்கள் அனைத்தும் ஒரே நாளில் வேறொரு முதலாளியின் வாடிக்கையாளர்கள் ஆயின. அவர்களை எவரும் கேட்கவில்லை. அதற்குச் சற்று முன்பு, 2006 ஜனவரியில், இணையவழிப் பாட மேலாண்மை முறைகளுக்கு அமெரிக்கக் காப்புரிமை ஒன்றும் அந்நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. ஒரே பயனர் ஒரு பாடத்தில் ஆசிரியராகவும் வேறொரு பாடத்தில் மாணவராகவும் இருக்கக்கூடிய அமைப்பு முதலியன அதில் உரிமை கோரப்பட்டிருந்தன. ஜூலையில், கனடாவின் டிசையர்டூலேர்ன் நிறுவனத்தின்மீது அக்காப்புரிமையைக் கொண்டு வழக்குத் தொடுக்கப்பட்டது.

உலகெங்குமுள்ள கல்வியாளர்கள் திகைத்தனர். ஆனால் திகைத்து நின்றுவிடவில்லை. பிளாக்போர்டுக்கு முன்னே எவரெவர், எந்தெந்த ஆண்டில், எத்தகைய கணினி வகுப்பறைகளை அமைத்தார்கள் என்ற சான்றுகளை, மூடில் சமூகத்தாரும் பிறரும் சேர்ந்து, விக்கிப்பீடியாவில் எல்லாரும் காணும்படி தொகுக்கத் தலைப்பட்டனர். 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர் தொடங்கிய பிளேட்டோ என்னும் கணினிப் போதனை முறைமுதல், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல்கலைக்கழகங்கள் ஆங்காங்கே அமைத்த சிறு முயற்சிகள்வரை வரிசை வரிசையாக அதில் ஏறின. வரலாறு எழுதுகிறவன் என்ற முறையில், எனக்கு இப்பகுதி மிகவும் நெகிழ்ச்சி தருவது. கற்பிக்கும் கருவிகளின் சரித்திரத்தை எழுதுவதே அக்கருவிகளைக் காக்கும் ஆயுதமாகப் பயன்பட்ட சந்தர்ப்பம் வேறொன்று எனக்குத் தெரிந்தவரையில் இல்லை. 2007 பிப்ரவரியில் பிளாக்போர்டு நிறுவனம் திறந்த மூல மென்பொருள்களின்மீது அக்காப்புரிமையைச் செலுத்துவதில்லை என வாக்களித்தது. 2008இல் டெக்ஸாஸ் நீதிமன்றத்தில் வழக்கு அதற்குச் சாதகமாக முடிந்தபோதிலும், 2009 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குக்குரிய உரிமைக் கோரிக்கைகள் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது. ஆண்டு முடிவதற்குள் இரு தரப்பாரும் சமாதானமாயினர்.

அதோடும் சோதனை தீரவில்லை. 2012 மார்ச்சில், மூடிலின் முக்கியமான பங்காளிகளாக இருந்த மூடில்ரூம்ஸ், நெட்ஸ்பாட் என்னும் இரு நிறுவனங்களைப் பிளாக்போர்டு வாங்கிவிட்டது. வெப்சிடி போன வழியே மூடிலும் போயிற்று என்று பலர் அன்று கலங்கினர். ஆனால் வாங்கப்பட்டவை நிறுவனங்கள்; மூடில் வாங்கப்படவில்லை; அதை விற்கும் அதிகாரம் அந்த நிறுவனங்களுக்கு இல்லை. பெர்த் தலைமையகம் தன் வேலையைத் தொடர்ந்தது. நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருந்தவாறே இருந்தது. ஆசிரியர்கள் மறுநாட் காலையில் வழக்கம்போல் தம் வகுப்பைத் திறந்தார்கள். ஆறாண்டுகளுக்குப் பின் அந்தப் பங்காளித்துவமும் முறிந்தது. அப்போதும் வகுப்புகள் நடந்துகொண்டே இருந்தன. சிதம்பரம் பிள்ளையவர்களின் கப்பல்களுக்கு வாய்க்காத பாதுகாப்பு இந்தக் கப்பலுக்கு வாய்த்தது. பகைவரிடம் பணம் குறைந்திருந்ததனால் அன்று, விற்பதற்கு உரிய ஒற்றைக் கப்பலே இல்லாதபடி ஒவ்வொரு துறையிலும் ஒரு பிரதி மிதந்துகொண்டிருந்ததனால்.

தமிழர்களாகிய நமக்கு இதில் என்ன பங்கு என்பதைச் சொல்லாமல் முடிப்பது முறையன்று. மூடில் வெளிவந்த நாளில் கணினித் தமிழ் பல குறியாக்கங்களாகச் சிதறிக் கிடந்தது. 1999இல் நடந்த தமிழ்க் கணினி மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘டாப்’, ‘டாம்’ முறைகள் ஒருபுறம்; புலம்பெயர்ந்தோர் பெரிதும் கையாண்ட ‘திஸ்கி’ ஒருபுறம்; பத்திரிகைகள் தத்தமக்கென்று வைத்திருந்த எழுத்துருக்கள் மற்றொருபுறம். ஒருவர் எழுதிய பாடம் மற்றவர் திரையில் சிதைந்து தோன்றிய காலம் அது. மூடிலிலும் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குறியாக்கம் என்ற நிலையே இருந்தது. 2006 ஜூனில் வெளிவந்த 1.6ஆம் பதிப்பில்தான் அனைத்தும் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. ஒரே பாடப் பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் அரபியும் பிழையின்றி அருகருகே நிற்கும் வாய்ப்பு அன்று பிறந்தது. தமிழ்நாட்டரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல் என்பதை நோக்கினால், இந்த மாற்றம் எவ்வளவு தீர்க்கதரிசனமானது என்பது புலனாகும். பாக் நீரிணைக்கு அப்பால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியும், மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மூடிலை ஏற்றன; இங்கே சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்களிலும் அது நிலைபெற்றது.

மும்பையைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது கண்ணன் மௌத்கல்யா என்னும் இரசாயனப் பொறியியற் பேராசிரியர் அங்கே திரட்டிய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ குழு. திறந்த மூல மென்பொருள்களைக் கற்பிக்கும் பத்து நிமிட அளவான பாடங்களை மத்திய அரசின் உதவியோடு உருவாக்கி, அவற்றின் குரலைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பதிவு செய்து, ஆசிரியரே இல்லாத ஊரிலும் மாணவன் ஒருபுறம் கேட்டுக்கொண்டே மறுபுறம் செய்துபார்த்துக் கற்கும்படி அமைத்தனர். பயிற்சி முடித்தோருக்கு அக்குழுவினர் நடத்தும் தேர்வு மூடிலிலேயே நடைபெறுகிறது. அவர்களுடைய முறையில் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. பாடத்தின் வாசகத்தை அத்துறை அறிஞர் சரிபார்த்தது போதாதென்று, அத்துறையைச் சிறிதும் அறியாத ஒரு புதியவர் அதைப் படித்துச் செய்துபார்த்து, தடுமாறிய இடங்களைக் குறித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைத்திருக்கிறார்கள். அறியாதவனுடைய தடுமாற்றத்தையும் ஓர் அதிகாரபூர்வமான சான்றாகக் கருதுகிற இந்த மனப்பான்மை, பாடநூல் எழுதும் நம் ஸ்தாபனங்கள் அனைத்துக்கும் பரவ வேண்டும் என்பது என் மனப்பூர்வமான விருப்பம்.

இந்த நீரோட்டத்தின் ஒரு கிளை நம் கரைக்கும் வந்தது. உலக வங்கியின் உதவியோடு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் நடத்திய தேசிய வேளாண் புத்தாக்கத் திட்டத்தின்கீழ், வேளாண்மை, கால்நடை மருத்துவம், பால் தொழில்நுட்பம் முதலிய பட்டப்படிப்புகளுக்கு மின்பாடங்கள் எழுதப்பெற்று, மூடில் மேடையில் எவரும் படிக்கும்படி வைக்கப்பட்டன. மீன்வளப் பட்டப்படிப்பின் பாடங்களை ஆக்கும் பணியில், 1977இல் தொடங்கப்பெற்ற தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் ஆசிரியர்கள் பங்கு கொண்டனர். 1961க்குப் பின் பெருமுத்துக்குளிப்பு நடைபெறாத கடல் இது. 1973இல் அழகர்சாமி என்னும் விஞ்ஞானி தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டிய ஊரும் இதுவே. முத்துப்பார்களின் இயல்பும், சிப்பியின் பருவங்களும், கடலின் போக்கும் தலைமுறை தலைமுறையாகச் செவிவழி மட்டுமே சென்ற ஒரு கரையின் கல்லூரி, மீன்வள அறிவை உலகத்தின் எம்மூலையிலும் திறந்து படிக்கத்தக்க பாடமாக எழுத முன்வந்தது போற்றுதற்குரியது.

ஆயினும் அப்பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வேம்பாரிலும் மணப்பாட்டிலும் பள்ளி முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும் கடலோரப் பிள்ளை அவற்றைப் படிக்குமுன் ஒரு மொழியைக் கடக்க வேண்டியிருக்கிறது. மூடிலின் தமிழ்ப் பொதியோ இன்னும் முழுமை பெறவில்லை. பொத்தான்களிற் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தோன்றும் பக்கங்களை இன்றும் காணலாம். இதைச் செய்து முடிப்பதற்கு அரசாணை வேண்டியதில்லை. நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. ஆமோஸ் கருவியில் பெயர் பதிந்துகொண்டு, மொழிபெயர்க்கப்படாத தொடர்களுக்குத் தமிழ் எழுதி அனுப்பினால், அம்மொழியின் பொறுப்பாளர் பார்த்து ஏற்றுக்கொள்கிறார். அடுத்த முறை புதுப்பிக்கப்படும்போது உலகெங்குமுள்ள தமிழ் வகுப்பறைகளில் அத்தொடர் தோன்றுகிறது. ஒரு கல்லூரித் தமிழ்த் துறையும் கணினித் துறையும் ஒரு விடுமுறைக் காலத்தில் சேர்ந்து அமர்ந்தால் இவ்வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். அதற்கு முன்வரும் முதற் கல்லூரி தூத்துக்குடியில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பகுதியில் காலவரிசைக்குத் திரும்பி, தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்தின் கதையைக் காண்போம்.